பதினாலு நாளுக்கு எத்தனை சுண்டு அரிசி?

வாசகர் கேள்வி – பதில்

கொவிட் காலத்தில், 2020 மார்ச் 20 மாலை இலங்கையில் ஊரடங்கு விழுந்தபோதும், 2021 ஆகஸ்ட் 20 இரவு நாடு மறுபடி பூட்டப்பட்டபோதும் கடை வாசலில் கண்ட சனம் நினைவிருக்கும். இனியொரு தொற்றுக்கு வீட்டை எப்படித் தயார் செய்து வைப்பது என்று வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றை இம்முறை எடுத்திருக்கிறோம்.

வீட்டில அஞ்சு பேர். நான், அவர், ரெண்டு பிள்ளைகள், மாமி. என்னென்ன, எவ்வளவு வாங்கி வைக்கணும்? போனமுறை 25 கிலோ மூடை ரெண்டு வாங்கி, ஒண்டு முழுக்க வண்டு வந்து கோழிக்குத்தான் போட்டம்.
– வாசகி, களுவாஞ்சிக்குடி

ஐம்பது கிலோ அரிசி உங்கள் வீட்டுக்கு ஒன்றரை மாதத்துக்கு மேல் போகும். அவ்வளவு தேவையில்லை. வீட்டில் ஒருவருக்குத் தொற்று வந்து கதவடைத்து இருக்க நேர்ந்தால், கொவிட் காலத்தில் அது பதினாலு நாளாக இருந்தது. அந்தப் பதினாலு நாளைக் கணக்காக வையுங்கள்.

மூன்று வேளையும் சோறென்றால் பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 350 கிராம் அரிசி, பிள்ளைகளுக்கும் மாமிக்கும் 250 கிராம் போதும். காலையிலோ இரவிலோ பிட்டு, ரொட்டி, இடியப்பம் என்று ஒரு வேளை மாவில் போனால் அஞ்சு பேருக்கும் நாளுக்கு ஒரு கிலோ அரிசி, 350 கிராம் மா. ஆகப் பதினாலு நாளுக்கு 14 கிலோ அரிசி, 5 கிலோ மா. சுண்டுக் கணக்கில் வேண்டுமென்றால், உங்கள் வீட்டுச் சுண்டை ஒருமுறை கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 200 கிராமிலிருந்து 250 கிராம் வரை சுண்டுக்குச் சுண்டு மாறும். அதன்படி 56இலிருந்து 70 சுண்டு வரும்.

பருப்பு 2 கிலோ, பயறு அல்லது கடலை ஒரு கிலோ, தேங்காய் நாளுக்கு ஒன்று, எண்ணெய் ஒன்றரை லீற்றர், சீனி 2 கிலோ, தேயிலை 400 கிராம், உப்பு ஒரு கிலோ, வெங்காயம் சின்னதும் பெரியதுமாக 3 கிலோ, கருவாடு ஒரு கிலோ, நெத்தலி அரைக் கிலோ, ரின் மீன் நாலு, பால்மா 400 கிராம் பெட்டி மூன்று. மிளகாய்த்தூளை 300 கிராமுக்கு மேல் வாங்க வேண்டாம், மணம் போய்விடும். மாமி பால் குடிக்காதவர் என்றால் பால்மாவில் ஒன்றைக் குறையுங்கள். பிள்ளைகள் தொடாத சோயா மீற்றை மலிவென்று பத்துப் பைக்கற் வாங்கி வைப்பதில் பயனில்லை. நோய்க்காலத்தில் நாக்கு புதிதாக ஒன்றையும் பழகிக்கொள்ளாது.

எதை முதலில் வாங்குவது என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். சாமான்களை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: கப்பலில் வருவது, லொறியில் வருவது, வேலிக்குள் வருவது. பருப்பு, சீனி, கோதுமை மா, பால்மா, ரின் மீன், பெரிய வெங்காயம் எல்லாம் பெரும்பாலும் கப்பல். துறைமுகமோ டொலரோ இறுகினால் முதலில் மறைவது இவைதான். 2020இல் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு, விலை எங்கே போய் நின்றது என்று உங்களுக்குத் தெரியும். 2021இல் பால்மாவுக்கு வரிசை. மலைநாட்டு மரக்கறியும் உருளைக்கிழங்கும் லொறி. வீதி மூடினால் சில நாள் தட்டுப்படும், பிறகு வரும். அரிசி, மீன், தயிர், முருங்கை இலை, மரவள்ளி எல்லாம் நமது வேலி. அரிசி மூடையை முட்டிமோதித் தூக்கிக்கொண்டு பருப்பை மறந்து வந்தால், நெல் விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு அரிசிக்குப் பயந்ததாக முடியும்.

ஒரே நாளில் வாங்கவும் வேண்டாம். வாராந்தச் சாமான் வாங்கும்போது ரெண்டு நாளுக்குரியதைக் கூட வாங்குங்கள். ஏழு வாரத்தில் பதினாலு நாள் சேர்ந்துவிடும். புதிதாக வந்தது பின்வரிசையில், பழையது முன்வரிசையில். ரின்னிலும் போத்தலிலும் வாங்கிய திகதியை ஒரு துண்டு பிளாஸ்டரில் எழுதி ஒட்டுங்கள்.

எங்களுக்குச் சொந்த வயல். நெல்லாகவே வைக்கிறதா, குத்தி அரிசியாக்கி வைக்கிறதா? வெயிலில் போட்டாலும் வண்டு வருது. வாப்பா வேப்பிலை போடச் சொல்றார்.
– வாசகர், சம்மாந்துறை

நெல்லாகவே வையுங்கள். உமி இருக்கும்வரை வண்டுக்கு எதிராக அது நெல்லுக்கு இரும்புச் சட்டை. மாதத் தேவைக்கு மட்டும் மில்லுக்குக் கொண்டுபோங்கள். நூறு கிலோ நெல்லுக்கு 62 தொடக்கம் 66 கிலோ அரிசி எதிர்பார்க்கலாம். உங்கள் மாதத் தேவை 30 கிலோ அரிசி என்றால் 50 கிலோ நெல்லுக்குக் கொஞ்சம் குறைவாகவே போதும்.

வண்டு ஏன் வருகிறது என்பதை விளங்கிக்கொண்டால் மருந்து தானாகத் தெரியும். அரிசி வண்டு வெளியிலிருந்து நடந்து வந்து மூடைக்குள் புகுவது குறைவு. பெண் வண்டு அரிசிமணியில் துளையிட்டு, உள்ளே ஒரு முட்டை வைத்து, அந்தத் துளையைத் தன் பசையால் அடைத்துவிடும். மணியைக் கையில் எடுத்துப் பார்த்தாலும் தெரியாது. நமது வெப்பத்தில் ஒரு மாதம், ஒன்றேகால் மாதத்தில் உள்ளேயே புழுவாகி, கூட்டுப்புழுவாகி, வண்டாகித் துளைத்துக்கொண்டு வரும். வாங்கும்போது துப்புரவாக இருந்த அரிசி ஐந்தாம் கிழமையில் ஊர்வது இதனால்தான். வெயிலில் விரித்தால் வெளியே திரியும் வண்டு ஓடிவிடும், உள்ளே இருக்கும் முட்டை சாகாது. அரிசியும் வெடித்து, சமைக்கும்போது குருணையாகும். இன்னொரு பிழையும் நடக்கிறது: வெயிலில் சுட்ட அரிசியைச் சூட்டோடு அள்ளி வாளியில் போட்டு மூடுவது. இரவில் மூடியின் உட்புறம் வியர்த்து நீர் கட்டும், மேல்மட்டத்து அரிசி பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் பரப்பி, கை வைத்தால் குளிர்ந்திருக்கும்வரை ஆறவிட்டு மூடுங்கள்.

வாப்பா சொல்வதில் தவறில்லை. காய்ந்த வேப்பிலையும் செத்தல் மிளகாயும் புது வண்டு வருவதைக் குறைக்கும். முட்டையை அவை ஒன்றும் செய்யா. பச்சை வேப்பிலையை மட்டும் போடாதீர்கள், அதன் ஈரமே கெடுக்கும். முட்டைக்கு உள்ள வழி குளிர் அல்லது காற்றடைப்பு. ஃபிறீசர் இருந்தால் 2 கிலோப் பைகளாகக் கட்டி நாலு நாள் வைத்து எடுங்கள். எடுத்த பையை உடனே அவிழ்க்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் அரிசியில் நீர் படியும். ஃபிறீசர் இல்லையென்றால் இறுக்கும் வளையம் போட்ட பிளாஸ்டிக் பீப்பாயில் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். உள்ளே காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பாதி நிரம்பிய பீப்பாய் வண்டுக்கு வீடுதான். ஆகவே பெரிய ஒன்றைவிடச் சின்னதாக மூன்று.

மூடையில் வைக்கும் நெல் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். பல்லில் நசிந்தால் ஈரம் 14 சதவீதத்துக்கு மேல், இன்னும் காயவேண்டும். சீமெந்துத் தரையில் நேரே அடுக்காமல் பலகைச் சட்டம் போட்டு ஓரடி சுவருக்கு விலத்தி வையுங்கள். பசளைப் பையைக் கழுவி அரிசிக்குப் பாவிக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. எத்தனை தரம் கழுவினாலும் வேண்டாம்.

தவிடு போகாத சிவப்பரிசியைக் குத்தி ரெண்டு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். தவிட்டில் உள்ள எண்ணெய் காறிப்போகும். மணந்து பார்த்தாலே பிடிபடும்.

கூலி வேலை. நாளுக்கு நாள் உழைச்சுச் சாப்பிடுற எங்களுக்கு ரெண்டு கிழமைச் சாமான் எல்லாம் நடக்கிற காரியமா?
– வாசகர், செங்கலடி

ஒரே நாளில் நடக்காது. பழைய பிடியரிசி வழக்கம் உங்களுக்குத்தான் சரி. உலைக்கு அரிசி அளந்த பிறகு ஒரு பிடியை எடுத்து வேறு ரின்னில் போடுவது. ஒரு பிடி 40 தொடக்கம் 50 கிராம். மாதத்துக்கு ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ வரும். சோறு குறைந்ததாகத் தெரியாது. வேலை உள்ள கிழமைகளில் 250 கிராம் பருப்பு மேலதிகமாக வாங்கி அதோடு வையுங்கள். அரிசியும் பருப்பும் உப்பும் இருந்தால் கஞ்சிக்குக் குறைவில்லை. ரெண்டு கிழமையை மறந்துவிடுங்கள். முதல் இலக்கு நாலு நாள். 2020இல் அரசாங்கம் கொடுத்த 5,000 ரூபாய் கைக்கு வரவும் நாட்கள் எடுத்தன. அந்த இடைவெளியைத் தாண்ட நாலைந்து நாள் இருப்பே பெரிய உதவி.

ரின்னை மாதமொரு முறை கவிழ்த்து, பழையதைச் சமைத்து, புதியதைப் போடுங்கள். பிடியரிசிக்கும் வண்டு வரும்.

மாரிக்குக் கருவாடு வாங்கி வைத்தால் சிவப்பு சிவப்பாகப் புள்ளி வருது. சாப்பிடலாமா? சிலதில் வெள்ளையாகவும் பூத்திருக்கு.
– வாசகி, வாழைச்சேனை

சிவப்போ இளஞ்சிவப்போ படர்ந்து, பிசுபிசுத்து, நாற்றமும் வந்தால் எறிந்துவிடுங்கள். உப்பையே விரும்பி வளரும் கிருமி அது. அதிகம் உப்பிட்டால் வராது என்று நினைப்பது சரியல்ல. உப்போடு ஈரமும் சூடும் சேர்ந்தால்தான் அதற்குக் கொண்டாட்டம்.

வெள்ளைக்கு ஒரு சோதனை. சுரண்டி ஒரு சொட்டுத் தண்ணீரில் போடுங்கள். கரைந்தால் உப்பு, பயமில்லை. கரையாமல் பஞ்சுபோல மிதந்தால் பூஞ்சணம்.

2020 நவம்பர் கடைசியில் அக்கரைப்பற்றுப் பகுதி தனிமைப்படுத்தப்பட்டது சரியாக மாரி மழைக்குள். முடக்கமும் மழையும் சேர்ந்து வந்தால் நம் பக்கத்தில் சாமானைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம்தான். ஆகவே கருவாட்டை ஒக்டோபர் வெயில் இருக்கும்போதே வாங்கி, வீட்டில் மறுபடி ஒரு நாள் காயவிட்டு, ஆறவைத்து, பழுப்புக் கடதாசியில் சுற்றி ஓலைப்பெட்டியில் வையுங்கள். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் கருவாடு தன் ஈரத்திலேயே வேகும். கழுவி வைக்க வேண்டாம், கழுவுவது சமைக்கும் அன்று. மழை விட்ட இடைவெளியில் ரெண்டு மணித்தியாலம் வெயில் காட்டினால் போதும். கூனி இறாலுக்கு மட்டும் விதிவிலக்கு: வெறுஞ்சட்டியில் மெல்லிய நெருப்பில் வறுத்து, நொறுங்கும் பதத்தில் இறக்கி, முழுக்க ஆறியபின் கண்ணாடிப் போத்தலில் இறுக மூடலாம். மழைக்கால இரவில் சம்பலுக்கு வேறென்ன வேண்டும்!

அரிசி மா வறுத்து வைத்தேன், மூன்று கிழமையில் கட்டிபட்டுப் பூசணம். தேங்காயும் பாதி அழுகிப் போச்சு. எங்கே பிழை?
– வாசகி, ஆரையம்பதி

மாவில் ரெண்டு இடத்தில் பிழை நடந்திருக்கலாம். ஒன்று, வறுத்தது போதவில்லை. ஊறவைத்து இடித்த மாவில் ஈரம் அதிகம். முதல் கால்மணிநேரம் ஆவிதான் போகும், அதைக் கண்டு வறுபட்டுவிட்டது என்று இறக்குபவர்கள் பலர். ஆவி நின்றபிறகும் நிறம் மாறாமல் மெல்லிய நெருப்பில் கிளறுங்கள். மா தாச்சியில் ஒட்டாமல் மணல்போல ஓடும். ஒரு சிட்டிகை எடுத்துக் கோலம் போட்டால் கோடு அறாமல் இழையாக விழவேண்டும். அதுதான் பதம். மற்றது, ஆறவிட்டது போதவில்லை. அரித்து, துணியிலோ பேப்பரிலோ பரப்பி, மூன்று நாலு மணித்தியாலம் விடுங்கள். மேலே ஆறியிருக்கும், குவியலின் நடுவில் சூடு இருக்கும். கையை உள்ளே விட்டுப் பாருங்கள். ரின்னும் கரண்டியும் சொட்டு ஈரமில்லாமல் இருக்கவேண்டும். பிட்டுக்குத் தண்ணீர் தெளித்த கையாலேயே மா அள்ளுவதை நிறுத்தினால் அரைவாசிப் பிரச்சினை தீரும். இப்படி வைத்தால் ரெண்டு மாதம் இருக்கும்.

தேங்காயை உரித்து வாங்கி அடுக்கியிருப்பீர்கள். மட்டையோடு நிழலில் கிடந்தால் ரெண்டு மூன்று மாதமும் நிற்கும். உரிப்பதென்றால் கண் மூடும்படி குடுமியை விட்டு உரிக்கச் சொல்லுங்கள். காற்றும் கிருமியும் உள்ளே போவது கண் வழியாகத்தான். குடுமி பிடுங்கிய தேங்காய் ஒரு கிழமைக்குள் கண்ணருகே நனைந்து கறுக்கும். குலுக்கிப் பார்த்துத் தண்ணீர்ச் சத்தம் கேட்காததை அன்றே உடையுங்கள். முடக்கத்துக்குப் பத்து மட்டைத் தேங்காய், நாலு உரித்தது, அவசரத்துக்குத் தேங்காய்ப்பால் மா ஒரு பைக்கற் என்று வைத்துக்கொள்ளலாம்.

உம்மாவுக்குச் சீனி வருத்தம், இன்சுலின் போடுறா. பிறஷரும் இருக்கு. கிளினிக் மூடினால் என்ன செய்யிற? கரண்டும் அடிக்கடி போகுது.
– வாசகி, காத்தான்குடி

இந்தப் பக்கத்தில் வந்த கேள்விகளில் அரிசி பருப்பைவிட முக்கியமானது இது. சாப்பாட்டில் ஒன்றுக்கு ஒன்று மாற்று உண்டு, இன்சுலினுக்கு இல்லை.

கிளினிக்கில் ஒரு மாதத்துக்கு மருந்து கொடுத்தால், முடியும் நாளுக்குக் காத்திராமல் பத்து நாள் முன்னதாகவே அடுத்த முறைக்கு ஒழுங்கு செய்யுங்கள். கிளினிக் கொப்பியின் எல்லாப் பக்கங்களையும் போனில் படமெடுத்து வையுங்கள். 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்துகளைத் தபால் மூலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளினிக் இலக்கமும் சரியான முகவரியும் தொலைபேசியும் கொப்பியில் பதிந்திருந்தவர்களுக்கு வேலை இலகுவாயிருந்தது.

திறக்காத இன்சுலின் ஃபிறிஜ்ஜில் 2 தொடக்கம் 8 பாகைக்குள். கதவுத் தட்டிலோ, ஐஸ் பெட்டியை ஒட்டியோ வேண்டாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்வைக்கு நல்லதுபோல இருந்தாலும் வேலை செய்யாது, எறியுங்கள். பாவனையில் உள்ளது பெரும்பாலான வகைகளில் 28 நாள் வரை 30 பாகைக்குள் வெளியே இருக்கலாம். உங்கள் வகைக்கு எவ்வளவு என்பது பெட்டிக்குள் உள்ள தாளில் இருக்கும்.

கரண்ட் இல்லாத நாளுக்கு ரெண்டு மண்பானை போதும். பெரியதுக்குள் சின்னதை வைத்து, நடுவே ரெண்டு விரல் அகலத்துக்கு ஆற்றுமணல் நிரப்பி, மணலைக் காலையும் மாலையும் நனையுங்கள். இன்சுலினை ஈரம் படாமல் சின்னப் போத்தலில் போட்டு உட்பானையில் வைத்து, வாயை ஈரச்சாக்கால் மூடி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். வர்ணம் பூசிய பானை ஆகாது, நீர் கசிந்து ஆவியாகத்தான் குளிர் வரும். கச்சான் காற்று வீசும் காலத்தில் இது நன்றாகக் குளிரும். மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் அவ்வளவு குளிராது, ஆனால் அப்போது வெக்கையும் குறைவு.

சீனி வருத்தம் உள்ள வீட்டில்தான் சீனி கட்டாயம் இருக்கவேண்டும். சாப்பாடு பிந்தி, வியர்த்து நடுங்கினால் மூன்று தேக்கரண்டிச் சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். கால்மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடி. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி.

காய்ச்சலுக்குப் பனடோல் ரெண்டு கார்ட் போதும். பெரியவருக்கு 500 மில்லிகிராம் குளிசை ரெண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளுக்கு எட்டுக்கு மேல் கூடாது. புரூபன், டைக்ளோபெனக் வகையை முன்கூட்டி வாங்கி வைக்கவே வேண்டாம். மாரி முடிய நம் மாவட்டத்தில் டெங்கு பரவும். தொற்றுக் காய்ச்சல் என்று நினைத்து டெங்குக்கு அந்தக் குளிசையைக் கொடுத்தால் இரத்தக்கசிவு வரலாம். ரெண்டு நாளைத் தாண்டிய காய்ச்சலுக்கு இரத்தம் சோதிக்கவேண்டும். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனித் தூள் நாலு பைக்கற் வையுங்கள். ஒன்றை முழுதாக ஒரு லீற்றரில் கரைத்து, 24 மணித்தியாலத்தில் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி வாங்க முடிந்தால் நல்லது. கொவிட் போன்ற மூச்சுத் தொற்றில் 94க்குக் கீழே காட்டினால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

காஸ் முடிஞ்சுபோகும் எண்டு மூணு சிலிண்டர் வாங்கி அறைக்குள்ள வைக்கலாமா?
– வாசகர், கல்முனை

வேண்டாம். பாவிப்பது ஒன்று, இருப்பு ஒன்று, அதோடு நிறுத்துங்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாமல் தரையில் படிந்து, மூடிய அறையில் குளம்போலத் தங்கும். இருப்பு சிலிண்டர் காற்றோட்டமான இடத்தில் நிமிர்ந்து நிற்கவேண்டும். மாட்டியவுடன் சவர்க்கார நுரையை ரெகுலேற்றரிலும் குழாய் மூட்டிலும் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. நெருப்புக்குச்சி பிடித்துப் பார்க்கும் வித்தை வேண்டாம்.

மாட்டிய திகதியைச் சோக்கால் சிலிண்டரிலேயே எழுதினால் உங்கள் வீட்டுக்கு 12.5 கிலோ எத்தனை நாள் என்று ரெண்டாம் முறையே தெரிந்துவிடும். கடலை, பயறை இரவே ஊறவையுங்கள். அரிசியையும் அரைமணி நேரம் ஊறவைத்து, கொதித்து ஐந்து நிமிடத்தில் இறக்கி, பானையைப் பழைய போர்வையில் இறுகச் சுற்றி முக்கால் மணித்தியாலம் விட்டால் தன் சூட்டிலேயே வெந்துவிடும். தண்ணீரை அளந்து வைக்கவேண்டும், வடிக்கும் சோற்றுக்கு இது சரிவராது. அதோடு ரெண்டு உரப்பை சிரட்டையும் பொச்சுமட்டையும் மழை படாமல் இருந்தால் காஸுக்காக வரிசையில் நிற்க வேண்டியதில்லை. (உரப்பை இதற்குத்தான் நல்லது.)

கடையில் இருந்து வாறதுக்கு எல்லாம் டெட்டோல் தெளிக்கணுமா? மரக்கறியைச் சவர்க்காரத்தில் கழுவுறம்.
– வாசகி, திருக்கோவில்

கழுவ வேண்டியது உங்கள் கையை, 20 விநாடி. கொவிட் பெரும்பாலும் மூச்சுக்காற்று வழியே பரவியது, பிஸ்கட் பைக்கற் வழியாக அல்ல. மரக்கறிக்கு ஓடும் தண்ணீர் போதும். சவர்க்காரமும் டெட்டோலும் வயிற்றுக்குள் போகும் சாமான்கள் அல்ல. நோயாளி இருக்கும் அறையின் கதவுப்பிடி, மலசலகூடம் ஆகியவற்றுக்கு 5 சதவீத குளோரின் திரவத்தில் 20 மில்லிலீற்றரை ஒரு லீற்றர் தண்ணீரில் கலந்து துடையுங்கள். அன்றன்றைக்குக் கலக்கவேண்டும், மறுநாள் வீரியம் இராது. அதோடு மலசலகூடம் கழுவும் அசிட்டையோ வினாகிரியையோ சேர்க்கவே கூடாது, மூச்சை அடைக்கும் நச்சுப்புகை வரும்.

மரக்கறி எது கனநாள் நிற்கும்? எங்கட பக்கம் கடை தூரம்.
– வாசகர், கொக்கட்டிச்சோலை

காம்போடு வெட்டிய முற்றிய பூசணி ரெண்டு மாதம் அசையாது. காம்பு முறிந்தால் அந்த வாயாலேயே அழுகும், முறிந்ததை முதலில் சமையுங்கள். சின்ன வெங்காயத்தைப் பிடியாகக் கட்டிக் குசினிக் கூரையில் தொங்கவிடுங்கள். உருளைக்கிழங்கோடு ஒரே பெட்டியில் போட்டால் கிழங்கின் ஈரத்தில் வெங்காயம் அழுகும், கிழங்கும் முளைக்கும். வாழைக்காய், தேசிக்காய், இஞ்சி ஒரு கிழமைக்கு மேல் நிற்கும்.

மரவள்ளியைப் பிடுங்கி வைக்கவே வைக்காதீர்கள். பிடுங்கி ரெண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கோடு ஓடிக் கறுத்துவிடும். மண்ணுக்குள் இருந்தால் மாதக்கணக்கில் கெடாது. ஒரு மரத்தில் அன்றைக்குத் தேவையான கிழங்கை மட்டும் பக்கவாட்டில் தோண்டி வெட்டி, மிச்சத்துக்கு மண்ணை அணைத்துவிடலாம். வெள்ளம் தேங்கும் பள்ளத்தில் நட்டிருந்தால் மட்டும் மாரி இறுகுவதற்கு முன் கிளப்பி, சீவி, அவித்துக் காயவிடுங்கள். மூன்று நாள் வெயிலில் ஒடியும் பதத்துக்கு வந்தால் ரின்னில் போடலாம்.